கூலண்ட் நாற்றமும் ஈரச் சிப்ஸும்: புது பேரல் வாங்கும் முன் டேங்கைத் திறந்து பாருங்கள்

கேள்வி இது: "கோவையில் சிறிய ஜாப் ஒர்க் ஷாப் (கூலிக்கு உலோகப் பாகம் வெட்டித் தரும் பட்டறை) நடத்துகிறேன். இரண்டு சி.என்.சி. லேத் (கணினி ஓட்டும் கடைசல் மெஷின்), ஒரு வி.எம்.சி. (மில்லிங் மெஷின்) இருக்கின்றன. பம்ப் கம்பெனிகளுக்கு வார்ப்பிரும்பு பாகங்கள், இ.என்.8 எஃகு ஷாஃப்ட், அவ்வப்போது அலுமினிய ஜாப். கூலண்ட் (வெட்டும் இடத்தில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) மூன்று வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. திங்கட்கிழமை காலையில் உள்ளே நுழைய முடியாத நாற்றம். சிப்ஸ் (வெட்டும்போது விழும் உலோகச் சீவல்) வாங்குகிறவர் ஈரம், கலப்படம் என்று எடையில் கழிக்கிறார். எந்த பிராண்ட் கூலண்ட் வாங்கினால் சரியாகும்?"

பிராண்ட் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். நீங்கள் சொன்னது இரண்டு குறைகள் போலத் தெரிகிறது. என் கணக்கில் ஒன்றுதான். மெஷினை விட்டு வெளியேறியிருக்க வேண்டிய இரும்புத் தூள் டேங்கின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. டேங்கில் இருந்திருக்க வேண்டிய கூலண்ட் சிப்ஸோடு பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. முதலாவது கூலண்டை அழுக வைக்கிறது, இரண்டாவது உங்கள் எடையைக் கழிக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து எந்த எண்ணெய் வாங்கினாலும் அடுத்த மாதம் இதே கேள்வியோடுதான் நிற்பீர்கள்.

முதலில் நாற்றம். கூலண்ட் என்பது ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்; மீதி எண்ணெய், அதைத் தண்ணீரோடு கலந்து நிற்க வைக்கும் சோப்பு வகைகள், துருத் தடுப்பு, கொஞ்சம் கிருமிநாசினி. கிருமிகளுக்கு இது நல்ல சாப்பாடு. வாரம் முழுக்க பம்ப் ஓடி கூலண்ட் தெறித்துக்கொண்டிருக்கும்போது அதில் காற்று கலக்கிறது. சனிக்கிழமை மாலை மெஷினை நிறுத்தியதும் மெஷினிலிருந்து கசிந்து கலந்த ஸ்லைடுவே ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் மெல்ல மேலே வந்து ஒரு படலமாக மூடிக்கொள்கின்றன. கீழே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் ஒரு வகை பாக்டீரியா உண்டு. தண்ணீரில் உள்ள சல்ஃபேட்டை எடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். ஞாயிறு முழுக்க அடியில் தேங்கிய வாயுவை, திங்கள் காலை பம்பைப் போட்டதும் நீங்களே கலக்கி வெளியே விடுகிறீர்கள். நாற்றம் அரைமணி நேரத்தில் குறைந்துவிடும்; பாக்டீரியா குறைவதில்லை. அது விடும் அமிலம் கூலண்டின் பி.எச். (அமில, கார அளவு) மதிப்பைக் கீழே இழுக்கும். நல்ல கூலண்ட் பெரும்பாலும் 8.8 முதல் 9.3 வரை நிற்கும். 8.5க்குக் கீழே வந்தால் துருவும் நாற்றமும் வாசலில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கை நம்பாமல் வாரம் ஒருமுறை பி.எச். பட்டை நனைத்துப் பார்த்தால், நாற்றம் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். பட்டை விலை ஒன்றும் பெரிதில்லை.

இந்த நிலைமையில் நம் ஷாப்புகளில் என்ன செய்கிறார்கள்? ஃபினாயில் ஊற்றுகிறார்கள், பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம். பிளீச்சிங் பவுடரில் இருக்கும் குளோரினும் சுண்ணாம்பும் எமல்ஷனை (எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து நிற்கும் கலவையை) உடைக்கும், மெஷின் பாகங்களை அரிக்கும். ஃபினாயில் நாற்றத்தை மறைக்கும், அவ்வளவுதான். கிருமிநாசினி தேவையென்றால் கூலண்ட் தயாரித்த கம்பெனி சொல்லும் பொருளை, சொல்லும் அளவில், கையுறை போட்டுப் போடுங்கள். அதுவும் டேங்கைச் சுத்தம் செய்யாமல் போட்டால் காசைத் தண்ணீரில் கரைக்கிற கதை. அப்புறம், மிச்ச டீ, வெற்றிலை எச்சில், சிகரெட் துண்டு எல்லாம் டேங்குக்குள் போகும் ஷாப் எத்தனையோ உண்டு. உங்களுடையது அப்படி இல்லை என்று நினைப்பீர்கள். சிப்ஸை வெளியே தள்ளும் கன்வேயருக்கு அடியில் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

மேலே மிதக்கும் எண்ணெயை எடுப்பது எளிது. டிஸ்க் அல்லது பெல்ட் ஸ்கிம்மர் ஒன்றை டேங்கில் மாட்டலாம். ஆனால் அதை மெஷின் ஓடும்போது ஓட்டுவதால் பெரிய பலன் இல்லை. எண்ணெய் அப்போது கலந்தே இருக்கும். மெஷின் நின்று ஓரிரு மணி நேரம் ஆனபின், எண்ணெய் மேலே வந்ததும், டைமர் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு எளிய வழி, மீன் தொட்டிக்குப் போடும் காற்று பம்ப். அதன் குழாயை டேங்கின் அடியில் விட்டு வார இறுதி முழுக்க ஓட விட்டால் கூலண்டுக்குள் காற்று போய்க்கொண்டே இருக்கும், திங்கட்கிழமை நாற்றம் நன்றாகவே குறையும். இது நோய்க்கு மருந்தில்லை, தற்காலிக ஆறுதல் மட்டும். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். லூப்ரிகேஷன் யூனிட் தேவைக்கு மேல் ஆயில் அடிக்கிறதா, சக் (ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் பகுதி) சிலிண்டரில் கசிவா? வாரம் எத்தனை லிட்டர் 68 நம்பர் ஸ்லைடுவே ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதினாலே கதை வெளியே வந்துவிடும். ஊற்றுகிற ஆயில் எல்லாம் கடைசியில் கூலண்ட் டேங்குக்குத்தான் வருகிறது.

அடியில் இருப்பதுதான் பெரிய வில்லன். வார்ப்பிரும்பு, அதாவது எஃப்.ஜி. 200, எஃப்.ஜி. 260 போன்ற கிரேடுகள், சுருளாக வராது. உதிர்ந்து தூளாக வரும். இரும்புத் தூளோடு கிராஃபைட்டும் சேர்ந்து மை போல இருக்கும். கன்வேயரின் பெல்ட் இடுக்கு வழியாகவும், டேங்கில் இருக்கும் ஜல்லடை வழியாகவும் இறங்கி, மூலைகளில் சேறாகப் படியும். படிந்த சேற்றுக்குள் கூலண்ட் ஓட்டம் இல்லை, காற்று இல்லை. நீங்கள் போடும் கிருமிநாசினியும் உள்ளே போவதில்லை. இரும்புத் தூளின் மொத்தப் பரப்பு மிகப் பெரியது என்பதால் கூலண்டில் இருக்கும் துருத் தடுப்பையும் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. கொஞ்ச நாள் விட்டால் துருப்பிடித்து சிமென்ட் மாதிரி இறுகிவிடும்; அப்புறம் உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும்.

அதனால் சுத்தம் செய்வதில் அவசரம் காட்டாதீர்கள். பழைய கூலண்டைக் கொட்டிவிட்டு உடனே புதியதை ஊற்றுவது, தோசை மாவில் பழைய மாவைக் கலந்து புளிக்க வைப்பது போலத்தான். இரண்டே நாளில் புதியதும் புளித்துவிடும். சரியான முறை என்னவென்றால், பழைய கூலண்ட் உள்ளே இருக்கும்போதே மெஷின் கிளீனர் என்று விற்கும் திரவத்தை அதில் ஒன்று, இரண்டு சதவீதம் சேர்த்து, ஒரு நாள் வேலையோடு சேர்த்து ஓட்டுங்கள். குழாய்கள், டூல்களைத் தாங்கும் டரெட், கதவு இடுக்கு எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் வழவழப்பு கழன்று வரும். பிறகு முழுக்க வடித்து, கன்வேயரை வெளியே இழுத்து, மூலைச் சேற்றை அள்ளி, துடைத்து எடுங்கள். அலச வெறும் தண்ணீர் வேண்டாம், துருப்பிடிக்கும். ஒரு சதவீதக் கூலண்ட் கலந்த தண்ணீரில் அலசி அதையும் வெளியேற்றுங்கள். அதன் பிறகுதான் புதுக் கூலண்ட். ஒரு மெஷினுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். மூன்று மெஷினையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் மூன்றுமே அரைகுறையாகும்.

சுத்தம் செய்தபின் தூள் மறுபடி டேங்குக்குப் போகாமல் தடுப்பது எப்படி? உங்கள் இரண்டு லேத்தில் ஒன்றை வார்ப்பிரும்புக்கு மட்டும் ஒதுக்குங்கள், மற்றதை இ.என்.8க்கு. முடிந்தால் முதலில் செய்ய வேண்டியதே இதுதான். ஒரே லேத்தில் காலையில் பம்ப் பாகம், மாலையில் ஷாஃப்ட் என்று மாற்றி மாற்றி ஓட்டும் வரை சிப்ஸ் கலப்படமும் தீராது, கூலண்ட் சேறும் தீராது. "ஆர்டர் அப்படி வருகிறது, என்ன செய்ய" என்பீர்கள். புரிகிறது. இருந்தாலும் ஒரு வாரத்து ஜாப்களை மேசையில் பரப்பிப் பார்த்தால் முக்கால்வாசியைப் பிரிக்க முடியும். வார்ப்பிரும்பு லேத்தில் கூலண்ட் தேவையா என்றும் யோசியுங்கள். கிராஃபைட்டே ஓரளவு உராய்வைக் குறைப்பதால் சாம்பல் வார்ப்பிரும்பைப் பல இடங்களில் உலர்வாகவே வெட்டுகிறார்கள். ஆனால் தூசி பறக்கும். ஸ்லைடைத் துடைக்கும் ரப்பர் வைப்பருக்குள்ளும் ஆப்பரேட்டரின் மூக்குக்குள்ளும் போகும். தூசி உறிஞ்சும் ஏற்பாடு இல்லாமல் உலர்வாக ஓட்டச் சொல்ல மாட்டேன். கூலண்டோடுதான் ஓட்டுவது என்றால் கலவை 7, 8 சதவீதம் இருக்கட்டும், டேங்குக்குத் திரும்பும் வழியில் காந்தத் தட்டு வையுங்கள், பம்ப் உறிஞ்சும் இடத்துக்கு முன் தகடு ஒன்றைக் குறுக்கே நிறுத்தி, தூள் படிய ஓர் அறை உண்டாக்குங்கள். அந்த அறையை மட்டும் வாரம் ஒருமுறை அள்ளினால் போதும். காந்தம் கிராஃபைட்டைப் பிடிக்காது என்பதால் கூலண்ட் கறுப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கலவை துருவைத் தடுக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. கொஞ்சம் சுத்தமான வார்ப்பிரும்புத் தூளை ஃபில்டர் தாளில் பரப்பி, டேங்கிலிருந்து எடுத்த கூலண்டை அதில் ஊற்றி, மூடி இரண்டு மணி நேரம் வையுங்கள். தூளைத் தட்டிவிட்டுத் தாளைப் பார்த்தால் துருக் கறை இருக்கும் அல்லது இருக்காது. சோதனைக்கூடங்களில் செய்வதும் ஏறக்குறைய இதையேதான்.

இப்போது தண்ணீர். சிறுவாணித் தண்ணீரின் பெருமை ஊருக்கே தெரியும், ஆனால் பெரும்பாலான ஷாப்புகளில் டேங்குக்குப் போவது போர் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த கடின நீர், கூலண்டில் உள்ள சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான பாலாடை போல மிதக்கும், எமல்ஷன் பிரியும். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். 200 லிட்டர் டேங்கில் 400 பி.பி.எம். கடினத் தண்ணீரில் ஆரம்பித்து, ஆவியான அளவுக்கு அதே தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால், மொத்தம் 200 லிட்டர் ஊற்றி முடிக்கும்போது கடினம் 800-ஐ நெருங்கும். சிப்ஸோடு வெளியே போகும் பங்கைக் கழித்தாலும் ஏறுமுகம்தான். எனவே தினசரி நிரப்புவதற்காவது ஆர்.ஓ. தண்ணீர் வையுங்கள். முதல் கலவைக்கே முழுக்க ஆர்.ஓ. என்றால் சில கூலண்டுகள் நுரை தள்ளும். அதனால் முதல் கலவைக்கு மிதமான கடினமுள்ள தண்ணீர், நிரப்புவதற்கு ஆர்.ஓ. என்று வைத்துக்கொள்ளலாம்.

கலக்கும் முறையில் ஒரே விதி: தண்ணீரில்தான் எண்ணெயை (கேனில் வரும் கெட்டிக் கூலண்டை) ஊற்ற வேண்டும், கலக்கிக்கொண்டே, மெதுவாக. எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் எமல்ஷன் தலைகீழாக அமைந்து கட்டி கட்டியாக நிற்கும். பிறகு என்ன கலக்கினாலும் சரியாகாது. நேராக மெஷின் டேங்கில் எண்ணெயை ஊற்றி "பம்பே கலக்கிக்கும்" என்று விடுவதையும் நிறுத்துங்கள். தனியாக ஒரு டிரம்மில் கலக்கி எடுத்து வாருங்கள்.

தினமும் எவ்வளவு எண்ணெய் சேர்ப்பது என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். 200 லிட்டரில் 6 சதவீதம் என்றால் 12 லிட்டர் எண்ணெய். வெயில் காலத்தில் 20 லிட்டர் தண்ணீர் ஆவியானால் மீதி 180 லிட்டரில் அதே 12 லிட்டர் எண்ணெய், அதாவது 6.7 சதவீதம். இப்போது மறுபடி 6 சதவீதக் கலவையாகவே 20 லிட்டர் ஊற்றினால் எண்ணெய் 13.2 லிட்டராகி 6.6 சதவீதத்தில் நிற்கும். இப்படியே போனால் சில வாரங்களில் கலவை தடித்து, நுரையும் தோல் எரிச்சலும் ஆரம்பிக்கும். மாறாக வெறும் தண்ணீரையே ஊற்றினால், சிப்ஸிலும் ஜாப்பிலும் ஒட்டிப் போன எண்ணெய்க்கு ஈடு இல்லாமல் கலவை நீர்த்துவிடும், பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அதனால்தான் 1.5 முதல் 3 சதவீதம் வரை மெல்லிய கலவையில் நிரப்பச் சொல்வார்கள். சரியான எண் உங்கள் மெஷினைப் பொறுத்தது. கலவையின் அடர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி அதைச் சொல்லும். அந்தக் கருவியில் தெரியும் எண்ணை அப்படியே சதவீதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கூலண்டுக்கும் ஒரு பெருக்கு எண் உண்டு. பெருக்கு எண் 1.6, கருவி 4 காட்டுகிறது என்றால் கலவை 6.4 சதவீதம். இது தெரியாமல் 4ஐப் பார்த்து "குறைவு" என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கும் ஷாப்புகள் நிறைய. கருவியை அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டரில் பூஜ்யம் வைத்துக்கொள்ளுங்கள். கோடு தெளிவாக விழாமல் மங்கலாகப் பரவினால் மிதக்கும் எண்ணெய் கலந்திருக்கிறது என்று பொருள்.

இனி இ.என்.8 பக்கம். இங்கே தூள் பிரச்சினை இல்லை, சுருள் பிரச்சினை. சிப்ஸ் நீளமாக வந்தால் ஜாப்பைச் சுற்றும், சக்கில் சிக்கும், கூலண்ட் வரும் வழியை மறைக்கும், கன்வேயரை அடைக்கும், டிரம்மில் போட்டால் பந்து பந்தாக இடத்தை அடைத்து கூலண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை டிரம்மில் சரிசெய்ய முடியாது, டூலின் மாற்றிப் போடும் வெட்டு முனையான இன்செர்ட்டில்தான் சரிசெய்ய வேண்டும். இன்செர்ட்டின் சிப் பிரேக்கர் (சிப்ஸை ஒடிக்கும் பள்ளம்) ஒரு குறிப்பிட்ட ஃபீடு (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்), வெட்டு ஆழ எல்லைக்குள் மட்டும்தான் சுருளை ஒடிக்கும். ரஃப்பிங்கில் (முதல் கட்டக் கனமான வெட்டில்) 0.1 மி.மீ. ஃபீடில் மெதுவாக ஓட்டுவது பாதுகாப்பு என்று பல ஆப்பரேட்டர்கள் நினைக்கிறார்கள். மெல்லிய சிப்ஸ் வளையும், ஒடியாது. ஃபீடை 0.2, 0.25க்கு ஏற்றினால் பெரும்பாலும் தானாகவே சின்னச் சின்ன வளையங்களாக விழ ஆரம்பிக்கும். ஃபினிஷிங்கில் (கடைசி மெல்லிய வெட்டில்) வேறு சிக்கல். 0.8 ரேடியஸ் முனையில் 0.2 மி.மீ. மட்டும் எடுத்தால் முனையின் வளைவே வெட்டுகிறது, சிப் பிரேக்கர் வரை சிப்ஸ் போவதே இல்லை. முனை ரேடியஸை 0.4க்கு மாற்றி, ஃபினிஷிங் வகை சிப் பிரேக்கர் உள்ள இன்செர்ட் போட்டுப் பாருங்கள். ரேடியஸ் குறையும்போது பளபளப்பு குறையும் என்பதால் ஃபீடையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். இ.என்.8 கொஞ்சம் ஒத்துழைக்கும் பொருள்தான். நாளைக்கு மைல்டு ஸ்டீலோ எஸ்.எஸ். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வந்தால் தெரியும், எவ்வளவு தொல்லை என்று.

கூலண்ட் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். எஃப்.டபிள்யூ. டெய்லர் என்ற பொறியாளர் 1880-களில் அமெரிக்காவின் மிட்வேல் ஸ்டீல் ஆலையில், டூலும் சிப்ஸும் உரசும் இடத்தில் நேராகத் தண்ணீரைக் கொட்டியே வெட்டும் வேகத்தை 30, 40 சதவீதம் உயர்த்தினார். துருப்பிடிக்காமல் இருக்க அதில் சலவைச் சோடா, அவ்வளவுதான்! நம் நாஸில்கள் பாதிக்கு மேல் சக்கையோ ஜாப்பின் முதுகையோ குளிப்பாட்டிக்கொண்டிருக்கின்றன. டூல் மாற்றும்போதெல்லாம் நாஸிலையும் திருப்புவது செட்டரின் வேலை என்று எழுதி வையுங்கள்.

சிப்ஸை எடுப்பது பற்றி. கையால் எடுக்கவே கூடாது. நீளமான கொக்கி, பிடியில் கைக்காப்புத் தட்டோடு, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒன்று தொங்க வேண்டும். சக் சுற்றும்போது கொக்கியும் வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு சுற்றும் சக் பக்கம் போவது வெறுங்கையைவிட ஆபத்து. சிக்கினால் கையுறை கையையும் சேர்த்து இழுக்கும். கையுறை டிரம்மைத் தூக்கும்போது போடத்தான். மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்டை டூல் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம். அதே துணியில் முகம் துடைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். துணிக்குள் இருக்கும் ஊசி மாதிரியான சிப்ஸ் கண்ணிமையைக் கிழிக்கும்.

ஏர் கன். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. 6, 7 பார் காற்றை வைத்து மெஷினுக்குள் ஊதும்போது, சிப்ஸ் கதவுக்கு வெளியே வருவதைவிட அதிகமாக வைப்பருக்கு அடியிலும் ஸ்பிண்டில் சீல் பக்கமும் போகிறது. கண்ணுக்குத் தெரிகிற இடம் சுத்தமாகிறது, தெரியாத இடம் தேய்கிறது. அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதியில், சுத்தம் செய்யும் காற்று 30 பி.எஸ்.ஐ.-க்கு, அதாவது ஏறக்குறைய 2 பாருக்குக் கீழே இருக்க வேண்டும், சிப்ஸ் தெறிக்காமல் தடுப்பும் கண் கவசமும் வேண்டும் என்று இருக்கிறது. மெஷினுக்குள் கழுவ கூலண்ட் கன் போதும். ஜாப்பின் துளையைக் காய வைக்க மட்டும், அழுத்தம் குறைத்த ஏர் கன் ஒன்று தனி இடத்தில் இருக்கட்டும். விளையாட்டுக்குக்கூட மனிதர் உடம்பில் ஊதக் கூடாது என்பதைப் புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லுங்கள். குடல் கிழிந்து செத்தவர்கள் உண்டு.

கன்வேயர் வாங்கும்போது பெல்ட் வகையைப் பாருங்கள். ஹிஞ்ச் பெல்ட் சுருளுக்கு நல்லது, தூளுக்கு ஆகாது. வார்ப்பிரும்புத் தூளுக்கு ஸ்கிரேப்பர் அல்லது காந்த வகை. இருக்கிற கன்வேயரை நாள் முழுக்க ஓட்டாதீர்கள். ஒரு நிமிடம் ஓடி, சில நிமிடம் நிற்கும்படி வைத்தால், ஏற்றத்தில் நிற்கும் சிப்ஸிலிருந்து கூலண்ட் வடிந்து டேங்குக்கே திரும்பும். செலவே இல்லாத மாற்றம் இது. கன்ட்ரோலில் டைமர் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். நிறுத்தும் நேரத்தை ரொம்ப நீட்டினால் சுருள் குவிந்து அடைக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த சிப்ஸை நேராகத் தரையில் கொட்டாமல், அடியில் துளைத் தட்டும் வடிகால் குழாயும் உள்ள தள்ளுவண்டியில் ஓர் இரவு நிறுத்துங்கள். எவ்வளவு கூலண்ட் போகிறது என்று தெரிய வேண்டுமா? ஈரமாக ஒரு வாளி எடை போடுங்கள், மறுநாள் வடிந்தபின் அதே வாளியை எடை போடுங்கள். வித்தியாசத்தை மாதம் எத்தனை வாளி என்ற எண்ணிக்கையால் பெருக்கினால், வீணாகப் போகும் கூலண்டின் கணக்கு கையில் கிடைக்கும். அந்தக் கணக்கு பெரிதாக இருந்தால் சிப்ஸைச் சுழற்றிப் பிழியும் மெஷினைப் பற்றி யோசிக்கலாம். மூன்று மெஷினுக்கு அது தேவைப்படாது என்பது என் எண்ணம், தள்ளுவண்டியே போதும். வடிந்த கூலண்டை வடிகட்டாமல் டேங்கில் ஊற்ற வேண்டாம்.

சிப்ஸ் வாங்குகிறவர் கழிப்பதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. போரிங் தூள் (வார்ப்பிரும்புச் சிப்ஸ்) கடைசியில் ஃபவுண்ட்ரி இண்டக்‌ஷன் ஃபர்னஸுக்குப் போகிறது. உருகிய இரும்பில் ஈரமான சிப்ஸ் விழுந்தால் தண்ணீர் நொடியில் நீராவியாகி உலோகத்தை வெளியே தூக்கி அடிக்கும். எண்ணெய் புகையாகும். அதனால் அவர் கழிப்பது தண்ணீருக்கு மட்டுமில்லை. கலப்படமும் அப்படித்தான், வார்ப்பிரும்புக்குள் எஃகுச் சுருள் கொஞ்சம் வந்தால் சமாளிப்பார்கள், அலுமினியம் கலந்தால் வார்ப்பே கெடும். அலுமினியச் சிப்ஸ் டிரம்மில் இரும்பு விழுந்தாலும் அந்த டிரம்முக்கு இரும்பு விலைதான். மூன்று நிற டிரம், மேலே மூடி, மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். வி.எம்.சி.யில் அலுமினியத்துக்கு முன்னும் பின்னும் டேபிளை முழுக்கக் கழுவும் வேலையை ஜாப் நேரத்திலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். இன்னொன்று, பொருள் கம்பெனி கொடுத்து நீங்கள் கூலிக்கு மட்டும் வெட்டினால், அந்தச் சிப்ஸ் யாருடையது என்பதை ஆர்டரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஜாப் ஒர்க்கில் வரும் ஸ்கிராப்பை, ஜாப் ஒர்க்கர் பதிவு பெற்றவராக இருந்தால் வரி கட்டி நேராக விற்கலாம் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143(5) பிரிவு சொல்கிறது; விற்ற பணம் யாருக்கு என்பது உங்கள் இருவருக்கும் இடையில் உள்ள பேச்சு.

ஈரமான இரும்புச் சிப்ஸை மலை மாதிரி குவித்து வாரக்கணக்கில் வைக்க வேண்டாம். துருப்பிடிப்பதே வெப்பம் விடும் வினை. உள்ளே வெப்பம் வெளியேற வழி இல்லாமல் குவியல் சூடேறிப் புகையும். தானே சூடேறும் தன்மையுள்ள இரும்புச் சிப்ஸை ஆபத்தான சரக்காக யு.என். 2793 என்ற எண்ணில் கப்பல் போக்குவரத்தில் பட்டியலிட்டிருப்பது இதனால்தான். எண்ணெய் பிடித்த பனியன் வேஸ்டை அதன் மேல் எறிவது இன்னும் மோசம். அதற்கு மூடியுள்ள தகர டப்பா தனியாக வேண்டும். நாளைக்கு யாராவது மக்னீசிய ஜாப் கொண்டு வந்தால், அலுமினியம் மாதிரிதானே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வரும், தீ பெருகும்.

ஆட்களின் உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூலண்டில் ஊறிய கை வெடிப்பதும் சிவந்து அரிப்பதும் சாதாரணமாகி, ஆப்பரேட்டர்கள் அதைச் சொல்வதே இல்லை. மண்ணெண்ணெயில் கை கழுவுவது இன்னும் கெடுக்கும். அதைவிட முக்கியம், மூச்சில் போகும் கூலண்ட் பனி, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துளிகள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் லாங்பிரிட்ஜில் ஒரு கார் எஞ்சின் ஆலையில் 2003, 2004 ஆண்டுகளில் 80க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவும் நுரையீரல் ஒவ்வாமை அழற்சியும் வந்தன. கிருமி பெருகிய கூலண்டின் பனியைச் சுவாசித்ததே காரணம் என்று விசாரணை சொன்னது. நாறும் கூலண்ட் வெறும் நாற்றப் பிரச்சினை இல்லை என்பதற்கு அது போதும். சைக்கிள் முடிந்ததும் கதவைத் திறக்காமல் அரை நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஷிஃப்டில் இருமலும் மூச்சிரைப்பும் வந்து விடுமுறை நாளில் குறைகிறது என்றால், டாக்டரிடம் அனுப்பும்போது கூலண்டில் வேலை என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

பழைய கூலண்டைச் சாக்கடையில் விடுவதை யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் நடக்கிறது. அது கடைசியில் சேருமிடம் நொய்யல் ஆறு. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில், பயன்படுத்திய எண்ணெய் 5.1, எண்ணெய் கலந்த கழிவு 5.2 என்று பட்டியலில் இருக்கின்றன. ஸ்கிம்மரில் எடுத்த எண்ணெயைத் தனிக் கேனில் வையுங்கள். அதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர் காசு கொடுத்தே எடுப்பார். கூலண்டையும் சேற்றையும் அதோடு கலந்தால் அதுவும் காசு கொடுத்து அப்புறப்படுத்த வேண்டிய கழிவாகிவிடும். பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எடுத்துச் செல்பவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரம் உள்ளவரா என்று காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கூலண்ட் மூன்று வாரத்துக்குப் பதில் எட்டு, பத்து மாதம் ஓடினால் இந்தத் தலைவலி வருடத்துக்கு ஒரு முறைதான்.

சரி, பிராண்ட். ஒன்றைச் சொல்லிவிடலாம்தான், ஆனால் உங்கள் தண்ணீரைப் பார்க்காமல் சொல்வது சரியாக வராது. விற்பனையாளர் வரும்போது போர் தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்து, இதில் கலந்து காட்டுங்கள் என்று கேளுங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் பெருக்கு எண் என்ன, எந்தக் கடினம் வரை தாங்கும், வார்ப்பிரும்புக்கும் அலுமினியத்துக்கும் சேர்த்து ஒத்துவருமா, பாதுகாப்புத் தகவல் தாள் எங்கே என்று கேளுங்கள். வார்ப்பிரும்புக்காகக் காரத்தை ஏற்றிய கூலண்ட் அலுமினியத்தில் கறை போடலாம். அலுமினிய ஆர்டர் அடிக்கடி வருமானால் அந்தக் கூலண்டை ஓர் அலுமினியத் துண்டில் தடவி ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். பொதுவாக வார்ப்பிரும்புக்கு, மிதக்கும் எண்ணெயைத் தன்னோடு கலந்துகொள்ளாமல் தள்ளிவிடும் செமி சிந்தெடிக் (எண்ணெய் குறைந்த) வகை நல்லது; பழைய பால் நிறச் சாலிபிள் ஆயில் அந்த விஷயத்தில் பின்தங்கும். மூன்று மெஷினுக்கும் ஒரே கூலண்ட் வாங்குங்கள், இரண்டு பிராண்டை ஒருபோதும் கலக்காதீர்கள். பேரலாக வேண்டாம், முதலில் 20 லிட்டர் கேன் வாங்கி, சுத்தம் செய்த வார்ப்பிரும்பு லேத்தில் ஊற்றி, பி.எச்., ரிஃப்ராக்டோமீட்டர் எண் இரண்டையும் மெஷின் கதவில் ஒட்டிய தாளில் வாரம் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதம் அந்த லேத்தில் தாங்கினால் மற்ற இரண்டிலும் தாங்கும், அப்போது பேரல் எடுங்கள். தாங்காவிட்டால் அந்தத் தாளோடு விற்பனையாளரைக் கூப்பிடுங்கள். வெறும் "நாறுது" என்று சொன்னால் அவர் கிருமிநாசினி கேன் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.